தொழிற்சாலைக்குக் கடல்நீரும் கழிவுநீரும்: நம் கிணற்றுக்கு என்ன பலன்?

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, சாக்கடை நீரைச் சுத்தம் செய்து தொழிற்சாலைக்கு விற்கும் ஆலை என்று செய்தி வரும்போது, "இது பட்டணத்துக்காரர்கள் விஷயம்" என்று பல விவசாயிகள் விட்டுவிடுகிறார்கள். ஆனால், தொழிற்சாலை எந்த நீரை எடுக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பக்கத்து ஊர்க் கிணறுகளின் நிலை அமைகிறது. இதற்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள மீஞ்சூர் பகுதியே நல்ல உதாரணம்.

மீஞ்சூரில் நடந்தது என்ன?

ஆரணி ஆறு, கொசஸ்தலை ஆறு ஆகிய இரண்டின் படுகையிலும் மணல் நிறைந்த நல்ல நீர்த்தாங்கி இருக்கிறது. 1960-களின் இறுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு இங்கு ஆய்வு நடந்தது. அதன்பின் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு மணலி தொழிற்சாலைகளுக்கும் சென்னை நகரத்துக்கும் தண்ணீர் எடுத்தார்கள். விவசாயத்துக்கும் அதே நீர்தான். மழை ஊற வைத்ததைவிட எடுத்தது அதிகமானதால், கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்தது. 1969-ல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. வரை இருந்த உப்பு, 1980-களின் இறுதியில் சுமார் 9 கி.மீ. வரை வந்துவிட்டது.

கடல்நீர் நல்ல தண்ணீரைவிடக் கனமானது. கடலோர நிலத்தடியில் நல்ல தண்ணீர் மேலேயும், உப்பு நீர் கீழேயும் நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்பைத் தள்ளி நிறுத்தும். அந்த 1 மீட்டரை மோட்டார் போட்டு இறக்கிவிட்டால், கீழே இருக்கும் உப்பு மெல்ல மெல்ல மேலேறும். ஒருமுறை ஏறிய உப்பு, ஒரு மழைக்காலத்தில் திரும்பிப் போகாது.

மாற்று நீர் 1: கழிவுநீர்

சென்னையில் மணலியிலுள்ள பெட்ரோலிய ஆலையும் உர ஆலையும் 1990-களின் தொடக்கத்திலிருந்தே நகரக் கழிவுநீரை வாங்கி, தாங்களே மேலும் சுத்தம் செய்து பயன்படுத்தி வருகின்றன. 2019-ல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் தரும் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலைகள் திறக்கப்பட்டன. கொடுங்கையூர் நீர் மணலி பக்கத்து ஆலைகளுக்கும், கோயம்பேடு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கும் போகிறது.

முதல் நிலையில் கசடு படிய வைக்கப்படும். இரண்டாம் நிலையில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். மூன்றாம் நிலையில் நுண்வடிகட்டி, ஆர்.ஓ. சவ்வு ஆகியவற்றின் வழியே செலுத்தி உப்பையும் கிருமியையும் நீக்குவார்கள். கொதிகலனுக்கும் குளிர்விப்புக்கும் இந்த நீர் போதும்.

மாற்று நீர் 2: கடல்நீர்

மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-லும், நெம்மேலியில் 2013-லும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் தரும் ஆலைகள் வந்தன. நெம்மேலியில் 15 கோடி லிட்டர் ஆலை 2024-ல் திறக்கப்பட்டது. இவை முக்கியமாக நகர மக்களின் தேவைக்கானவை. காட்டுப்பள்ளியில் பெட்ரோலிய ஆலைக்கெனத் தனிக் கடல்நீர் ஆலையும் உண்டு.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. சாக்கடை நீரில் பெரும்பாலும் 1 அல்லது 2 கிராம்தான். அதனால் கடல்நீரைச் சவ்வு வழியே தள்ள அதிக அழுத்தமும் மின்சாரமும் வேண்டும். 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் வரை செலவாகும். 100 லிட்டர் கடல்நீர் எடுத்தால் 40 முதல் 45 லிட்டர் நல்ல நீர் கிடைக்கும். மீதி, ஏறக்குறைய இரட்டிப்பு உப்போடு கடலுக்கே திரும்பும். அதைச் சரியான இடத்தில் கலக்காவிட்டால் மீனவர்களுக்குப் பாதிப்பு.

இந்த நீரை வயலுக்குக் கொடுக்க முடியாதா?

காட்டுப்பள்ளி ஆலை தொடங்கியபோது ஒப்பந்த விலை 1,000 லிட்டருக்கு ரூ.48.66. நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் 48 லட்சம் லிட்டர் நீர் தேவை. அந்த விலையில் கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ரூ.2.3 லட்சத்துக்கு மேல் ஆகும். எந்த நெல்லும் இதைத் தாங்காது. ஆனால் தொழிற்சாலை தாங்கும். எனவே விலை உயர்ந்த நீர் ஆலைக்கும், ஆறு, ஏரி, கிணற்று நீர் குடிநீருக்கும் பயிருக்கும் என்று பிரிப்பதுதான் நியாயமான பங்கீடு.

கவனிக்க வேண்டியவை

மாற்று நீர் வந்துவிட்டது என்பதற்காக ஆலையின் போர்வெல் தானாக நின்றுவிடாது. நிறுத்தினால்தான் நமக்குப் பலன்.

ஊருக்குக் கீழே சாக்கடை நீர் கலந்த ஓடையை நம்பிப் பாசனம் செய்யும் விவசாயிகளும் இருக்கிறார்கள். அந்த நீர் முழுவதும் ஆலைக்குப் போனால் அவர்கள் வயல் காயும். திட்டம் வரும்போதே அவர்கள் பங்கைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஆலைக்கு உள்ளே போகும் நீரைப் போலவே, வெளியே வரும் நீரும் முக்கியம். நொய்யல் கரையில் திருப்பூர் சாயக்கழிவால் ஒரத்துப்பாளையம் அணை நீர் பாசனத்துக்கு உதவாமல் போனதும், ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் சென்றதும் நீங்கள் அறிந்ததே. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பிறகு கழிவை வெளியே விடாமல், நீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறை நடைமுறைக்கு வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• ஆண்டுக்கு இருமுறை, கோடையில் ஒன்றும் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒன்றுமாக, கிணற்று நீரைப் பரிசோதியுங்கள். மோட்டாரை 15 நிமிடம் ஓடவிட்டு, அதே நீரில் அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, தாமதிக்காமல் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை பெறலாம்.

• உப்பின் அளவு (இ.சி.) 0.75-க்குள் இருந்தால் கவலை இல்லை. 0.75 முதல் 2.25 வரை என்றால் வடிகால் வசதியோடு கவனமாகப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் போனால் உப்பைத் தாங்கும் பயிருக்கு மட்டும், மழைநீரோடு கலந்து பாய்ச்சலாம். இ.சி. 2 உள்ள நீரை ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர் பாய்ச்சினால், சுமார் 2.5 டன் உப்பை வயலில் கொட்டுகிறோம் என்று பொருள்.

• ஆண்டுக்கு ஆண்டு இ.சி. ஏறினால் போர்வெல்லை இன்னும் ஆழப்படுத்தாதீர்கள். கடலோரத்தில் ஆழம் போகப் போக உப்பைத்தான் தொடுவோம். உப்பு நீரைத் தெளிப்பு நீராகவும் விடாதீர்கள், இலை கருகும்.

• உவர் நிலத்துக்கு கோ 43, களர் நிலத்துக்கு திருச்சி 1, திருச்சி 3 நெல் ரகங்கள் ஏற்றவை. களர் நிலத்துக்கு மட்டுமே ஜிப்சம் பலன் தரும். உவர் நிலத்தில் மழைநீரைத் தேக்கி வடிப்பதுதான் மருந்து. எது என்று மண் பரிசோதனை சொல்லும்.

• கிணற்று நீரை லாரிக்கு விற்கும் முன் கணக்குப் பாருங்கள். 12,000 லிட்டர் லாரி 20 நடை போனால் 2.4 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கருக்கு ஒரு தண்ணீர் பாய்ச்சத் தேவையானதைவிட இது அதிகம். பக்கத்துக் காட்டுக்காரர் கிணறும் சேர்ந்தே இறங்கும். 1987-ம் ஆண்டு சென்னைப் பெருநகர நிலத்தடி நீர்ச் சட்டம் பொருந்தும் கிராமங்களில் லாரியில் நீர் எடுத்துச் செல்ல உரிமம் வேண்டும்.

• சுத்திகரிக்காத சாக்கடை நீரைக் கீரைக்கும், பச்சையாக உண்ணும் காய்க்கும் பாய்ச்சாதீர்கள். ஆலைக்கழிவு கலந்த நீரை எந்தப் பயிருக்கும் பரிசோதிக்காமல் விடாதீர்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கேளுங்கள்

பெரிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருமுன் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும். குறைந்தது 30 நாட்களுக்கு முன் அறிவிப்பு வரும். திட்ட அறிக்கையை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்க்கலாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நாளைக்கு எத்தனை லிட்டர், போர்வெல் போடுவார்களா, கழிவு எங்கே போகிறது ஆகிய நான்கையும் கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் பதிய வையுங்கள். கையில் மூன்று ஆண்டு கிணற்று நீர்ப் பரிசோதனைச் சீட்டு இருந்தால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும். நாளை கிணறு கெட்டால், முன்பு நன்றாக இருந்தது என்பதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி. எனவே இந்தக் கோடையிலேயே முதல் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.