ஸ்டெப்னிக்கு ஒரு கதவு

அப்பா ஓட்டிய பழைய காரில் ஸ்டெப்னி எப்போதும் இருக்கும். அதில் காற்றுதான் இருக்காது. ஒருமுறை திண்டிவனம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் வண்டி பஞ்சரானது. வியர்க்க வியர்க்க நட்டுகளைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி, ஜாக்கியை இறக்கினால் அதுவும் சப்பென்று தரையோடு உட்கார்ந்துவிட்டது. இரண்டு டயரையும் ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு பஞ்சர் கடை தேடிப் போனார் அப்பா. நாங்கள் மரத்தடியில் புளியம்பழம் பொறுக்கினோம். அன்றிலிருந்து இந்த உருண்டைப் பொருள்மேல் எனக்கு ஒரு கண். வண்டிக்கு வண்டி இருக்கிறது, ஆனால் இதற்கென்று ஓர் இடம் மட்டும் யாரும் உறுதியாகக் கொடுத்ததில்லை. வாடகை வீடு மாறுகிற குடும்பம் மாதிரி நூறு வருஷத்துக்கு மேலாக அலைந்துகொண்டிருக்கிறது.

பெயரே ஒரு தெருவின் பெயர்தான். ஸ்டெப்னி என்றதும் லண்டனில் இருக்கும் ஸ்டெப்னியை நினைப்பவர்கள் உண்டு. அது இல்லை. வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் தாமஸ் மோரிஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்ற அண்ணன் தம்பி 1904-ல் செய்தது. அப்போதைய கார்களில் சக்கரம் வண்டியோடு நிலையாக இருக்கும், கழற்ற முடியாது. குதிரை லாடத்தின் ஆணி குத்தினால் நடுரோட்டில் உட்கார்ந்து டயரைப் பிதுக்கி, ட்யூபை ஒட்டி, கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். சகோதரர்கள் யோசித்தது எளிமையான வழி. ஆரம் எதுவும் இல்லாத ஒரு வெறும் வளையம், அதன்மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே அதைக் கொக்கி போட்டு இறுக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். அந்தச் சாமானை உலகம் சீக்கிரமே மறந்துவிட்டது. பெயர் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. பிரேசில்காரர்களும் இன்றுவரை 'எஸ்டெப்பி' என்கிறார்கள். இங்கே ஸ்டெப்னி என்ற சொல்லை ஆண்கள் வேறு ஒரு விஷயத்துக்கும் கேலியாகச் சொல்வதுண்டு. அதில் அவமானம் ஸ்டெப்னிக்குத்தான்.

சக்கரத்தை முழுசாகக் கழற்ற முடியும் என்று ஆனதும் ஸ்டெப்னியும் முழுச் சக்கரமானது. கனமும் கூடியது. இனி எங்கே வைப்பது? முதலில் படிப்பலகைக்கு மேலே, மட்கார்டை ஒட்டி நின்றது. 1940 மாடல் லிங்கன் கான்டினென்டலில் டிக்கிக்குப் பின்னால் ஒரு நகை மாதிரி மாட்டினார்கள். லேண்ட்ரோவர்காரர்கள் பானெட்டின் மேலேயே படுக்கவைத்தார்கள். முன்னால் வரும் ரோட்டைப் பார்க்க ஓட்டுநர் கழுத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் உண்மையான தகராறு ஜீப்பில்தான் தொடங்கியது. 1941-ல் வந்த வில்லிஸ் எம்.பி. என்ற ராணுவ ஜீப்பின் பின்புறத்தில் கதவே கிடையாது, வெறும் தகடுதான். ஸ்டெப்னி அதில் நிம்மதியாகத் தொங்கியது. போர் முடிந்த 1945-ல் விவசாயிகளுக்கென்று சி.ஜே.2ஏ வந்தது. மூட்டை ஏற்ற வேண்டுமே என்று அதற்குப் பின்கதவு வைத்தார்கள். கதவு வந்ததும் ஸ்டெப்னியைக் கழற்றி வண்டியின் வலது விலாவில் மாட்டிவிட்டார்கள். கதவா, டயரா? அந்த ஒரு முழ இடத்துக்கு இருவரும் போட்டி. அன்று கதவு ஜெயித்தது.

பிக்கப்பில் டயர் இன்னும் கீழே போனது. லோடு ஏற்றும் பாடிக்கு அடியில், ஒரு சங்கிலியிலோ கம்பியிலோ கட்டித் தொங்கவிட்டார்கள். ரோட்டில் ஓடும் வண்டிக்கு இது நல்ல ஏற்பாடுதான். பார்வைக்குத் தெரியாது, இடத்தை அடைக்காது. காட்டிலும் பாறையிலும் ஓட்டுகிறவர்களுக்குத்தான் வம்பு. சேறு ஏறிச் சங்கிலி இறுகிக்கொள்ளும். வண்டி சேற்றில் புதைந்திருக்கும்போது அடியில் படுத்து டயரை இறக்க இடமே இருக்காது. போதாததற்கு, இவர்கள் கம்பெனி கொடுத்த டயரோடு திருப்தி அடைகிற ஆட்களும் இல்லை.

1984 முதல் 1995 வரை அமெரிக்காவில் விற்ற டொயோட்டா பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். நாம் ஹைலக்ஸ் என்று சொல்லும் அதே வண்டிதான். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகன் பாதை மாதிரி கருங்கல் வழிகளில் ஏறுவதற்காக அதற்கு 33 அங்குல டயர் மாட்டுவார்கள். அங்கே ஆணி குத்தாது, பாறையின் விளிம்பு டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும். நடுப்பகுதியில் ஓட்டை என்றால் பஞ்சர் குச்சி சொருகிச் சமாளிக்கலாம். பக்கவாட்டுக் கிழிசலுக்கு வைத்தியம் இல்லை, முழு அளவு ஸ்டெப்னி கட்டாயம் வேண்டும். (நம் நாட்டில், டயர் ரிப்பேர் கிட்டும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020 ஜூலையில் விதியே வந்துவிட்டது. கருங்கல்லுக்கு அந்த விதி தெரியாது.) 33 அங்குல டயர் பாடிக்கு அடியில் எளிதில் நுழையாது. மேலே போட்டால் கூடாரம், டூல்ஸ், தண்ணீர் கேன் வைக்க இடம் போயிற்று. மிச்சமிருப்பது பின்கதவு ஒன்றுதான்.

அங்கேதான் பட்டறை வேலை தொடங்குகிறது. பிக்கப்பின் பின்கதவு கீழ்ப்பக்கம் கீல் வைத்து, முறம் மாதிரி சாய்ந்து திறப்பது. இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே வெறும் காற்று. அதில் இரும்பு டிஸ்க்கோடு சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள டயரைத் தொங்கவிட்டால் நாலு பள்ளத்தில் தகடு கிழிந்துவிடும். அதனால் உள்ளே இரும்புச் சட்டம், 50 மில்லிமீட்டர் சதுரக் குழாயில். பழைய கதவின் வெளித்தகட்டை, டொயோட்டா என்று அழுத்திய எழுத்துகளோடு, கவனமாக அறுத்தெடுத்துச் சட்டத்தின் மேல் ஒட்டுகிறார்கள். ஒரே இழுப்பில் வெல்டிங் ஓட்டினால் தகடு அப்பளம் மாதிரி நெளியும். ஒரு விரற்கடை இங்கே, ஒரு விரற்கடை அங்கே என்று சூடு ஆற ஆறத்தான் ஒட்ட வேண்டும்.

கதவு இப்போது பீரோக் கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்கிறது. எல்லாப் பாரமும் ஒரு பக்கக் கீலுக்கு. கதவு திறந்து நிற்கும்போது டயரின் நடு, கீலிலிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே 40 சென்டிமீட்டர்தான். டயரை மட்டும் கணக்கில் எடுத்தாலே மேல் கீலை 70 கிலோ வெளியே இழுக்கும். வண்டி துள்ளும்போது இதைவிடப் பல மடங்கு. வீட்டுக் கதவுக் கீல் இதற்கு ஆகாது. டிரெய்லர் சக்கரத்துக்குப் போடுகிற மாதிரி தடித்த அச்சும் டேப்பர் பேரிங்கும் கிரீஸும் வேண்டும். அந்த அச்சை பாடியின் மெல்லிய மூலையில் ஒட்டக் கூடாது. சேஸிஸில் போல்ட் அடித்த பம்பரிலிருந்து எழும் தூணில் ஒட்ட வேண்டும். தாழ்ப்பாளும் அதே பம்பரிலிருந்தே எழ வேண்டும். பாறையில் ஏறும்போது சேஸிஸ் முறுக்கும், பாடி தன் போக்குக்கு அசையும். கீல் ஒன்றிலும் தாழ்ப்பாள் இன்னொன்றிலும் இருந்தால் இரண்டு மாமியாருக்கு நடுவில் மாட்டிய மருமகள் கதிதான் கதவுக்கு.

டயரை மாட்டுகிற இடத்துக்கு ஒரு பழைய ஹப்பையே வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். டொயோட்டாவின் ஆறு போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம். டிஸ்க்கின் ஓட்டைகள் நேராக வந்து உட்காரும். உயரம்தான் பேச்சுவார்த்தைக்குரியது. ஏற்றினால் கண்ணாடியில் பின்னால் ஒன்றும் தெரியாது, இறக்கினால் பாறையில் தட்டும். நம்பர் பிளேட்டும் விளக்கும் மறையக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனித்தான். மட்டக்கோல் வைத்துப் பார்த்து, கனகச்சிதமாக நேராக நிற்கும் கதவில் டயரை மாட்டினால் தாழ்ப்பாள் முனை மெல்ல இறங்கிவிடும். கை தேர்ந்தவன் இதை முன்கூட்டியே கணக்குப் போட்டு, டயர் இல்லாதபோது அந்த முனையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கியே ஒட்டுவான். பார்க்கிறவனுக்குக் கோணலாகத் தெரியும். டயர் ஏறியதும் நேராகும். தாழ்ப்பாளுக்குக் கீழே சாய்வாக ஒரு இரும்புத் துண்டும் வைப்பான், சாத்தும்போது கதவு அதன்மேல் ஏறி உட்கார்ந்து கீலின் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். எதிரே ஒரு ரப்பர் கட்டை. இறுக்கமாக அழுந்தினால்தான் கடகடவென்ற சத்தம் வராது. சரிவில் திறக்கும்போது கதவு தானாகச் சுழன்று முழங்காலைப் பதம்பார்க்காமல் இருக்க ஒரு பின்னும் வேண்டும். இதை மறந்தவர்களை முழங்காலைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

இழப்பும் உண்டு. சாய்ந்து திறக்கும் பின்கதவு ஒரு திண்ணை. கால் தொங்கப்போட்டு உட்காரலாம், அடுப்பு வைக்கலாம், நீளமான மரச்சட்டம் நீட்டலாம். பக்கவாட்டுக் கதவில் அது போயிற்று. நானாக இருந்தால் இதற்காகவே ரொம்ப நாள் தயங்கியிருப்பேன். பலரும் அப்படித் தயங்கியிருக்க வேண்டும். ஏனென்றால், இப்படிச் செய்த கதவுகளில் உள்பக்கத்தைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு சின்னக் கீலும் இரண்டு கம்பியும் வைத்து ஒரு மடக்குப் பலகை இருக்கிறது. கதவைத் திறந்து, பின்னைப் போட்டு, பலகையை இறக்கினால் ஸ்டவ் வைக்கலாம். மறுபக்கம் டயர் தொங்குகிறது, இந்தப் பக்கம் டீ கொதிக்கிறது.