மேல் சிகிச்சைக்கு

பாட்டியின் தகரப் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. சித்தியின் பெயர், வயது 22, எட்டு மாத கர்ப்பம், வலிப்பு என்று மூன்று வரிகள். நான்காவது வரி, ‘மேல் சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறது’. அதன் கீழே படிக்க முடியாத ஒரு கையெழுத்து. சீட்டை எழுதியவர் எங்கள் பக்கத்து ஊர் அரசு மருத்துவமனையில் அப்போது புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒரு பெண் மருத்துவர்.

1991ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். பத்து நாட்களாகவே சித்திக்குக் கால் வீங்கியிருந்தது. தலைவலி என்றாள், கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். முதல் பிரசவம் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். விடியற்காலையில் வலிப்பு வந்தது. காத்து கருப்பு என்று ஒருத்தர், ஜன்னி என்று ஒருத்தர். அம்பாசிடர் கார் கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த மருத்துவர் ஏதோ ஒரு ஊசி போட்டார், சீட்டு எழுதினார், உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். பெரியாஸ்பத்திரி அறுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பாதி வழியில் சித்தி போய்விட்டாள். குழந்தையும்.

பாட்டி சாகும் வரை அந்த மருத்துவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். “படிச்சவதானே, பொம்பளதானே, கைய வச்சிப் பாத்திருக்கக் கூடாதா?” நானும் அப்படியே நம்பி வளர்ந்தேன். அந்தக் கேள்வியை மருத்துவ வரலாற்றிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்ற இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

தமிழ் மருத்துவ நூல்களைப் பற்றி ஒரு கட்டுரைக்காகத் தேடியபோது யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் கண்ணில் பட்டார். அமெரிக்க மிஷன் மருத்துவரான அவர் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். 1857லேயே பிரசவ மருத்துவ நூலொன்றைத் தமிழில் கொண்டுவந்தார். ஆசிரியரை விட்டுத் தொலைவில் வேலை செய்கிறவருக்குப் புத்தகம்தான் ஆசிரியர் என்பதை உணர்ந்த முயற்சி அது. ஆனால் அவரிடம் படித்து மருத்துவரானவர்கள் ஆண்கள். பிரசவ அறைக்கு வெளியே நிறுத்தப்படுகிறவர்களின் கையில்தான் பிரசவ நூல் இருந்தது.

நமக்குச் சொல்லப்படும் பெண் மருத்துவர் வரலாறு ‘முதல் பெண்’களின் வரலாறு. அதில் தவறில்லை. ஆனால் அந்த முதல் பெண்களையே இன்னொரு முறை படித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவர் மேரி ஷார்லீப். அதற்கு முன்பே சென்னைப் பிரசவ மருத்துவமனையில் பேறுகாலப் பயிற்சி பெற்றவர். கல்லூரிப் படிப்பை முடித்த பிறகு லண்டனுக்குப் போய் 1882இல் அங்கே பட்டம் பெற்றார். மறுபடி சென்னைக்கு வந்தார். இன்று திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக இருப்பது 1885இல் அவர் முன்கையெடுத்துத் தொடங்கியது. பிறகு 1888இல் எம்.டி. பட்டமும் பெற்றார். 1912இல் சென்னையில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, அதன் பிறகு பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சிக்காக லண்டன் போனார். பட்டம் என்பது படிப்பின் முடிவு என்று இவர்கள் யாருமே நினைக்கவில்லை. மறுபடி படிக்க இவர்களுக்குக் கதவு திறந்தது. கப்பலேற முடிந்தது.

கப்பலேற முடியாதவர்கள்? 1918இல் வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். அங்கே படித்தவர்கள் பெற்றது எல்.எம்.பி. என்னும் உரிமச் சான்று, பட்டம் அல்ல. 1946இல் போர் குழு தன் அறிக்கையைத் தந்தது. இந்தியாவுக்கு ஒரே வகை அடிப்படை மருத்துவர் போதும், அவர் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும் என்றது. எல்.எம்.பி. படிப்பு மெல்ல மறைந்தது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் பட்டம் பெறுவதற்குச் சுருக்கப் படிப்புகள் வந்தன. ஒரு சிற்றூர் மருத்துவமனையில் தனியாக இருக்கும் பெண் மருத்துவர் மறுபடி படிக்கப் போனால் அவருடைய நோயாளிகளை யார் பார்ப்பது, அவருடைய வீட்டை யார் பார்ப்பது? இந்தக் கேள்வி அன்றே எழுந்திருக்கும். இன்று வரை அது தீரவில்லை.

சித்தியின் நோய்க்கு வருகிறேன். கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவதை எக்லாம்ப்சியா என்கிறார்கள். அதன் சிகிச்சை வரலாற்றில் நம் எழும்பூருக்கு ஓரிடம் உண்டு. அங்குள்ள அரசு மகளிர் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் கிருஷ்ண மேனன், மூன்று மயக்க மருந்துகளைக் கலந்து கொடுக்கும் முறையைப் பற்றி 1961இல் எழுதினார். ‘மேனன் முறை’ என்று இந்தியா முழுவதும் அது பின்பற்றப்பட்டது. அமெரிக்காவிலோ 1920களிலிருந்தே மெக்னீசியம் சல்ஃபேட் என்ற உப்பு பயன்பட்டுவந்தது. எது நல்லது என்ற விவாதம் பல பத்தாண்டுகள் நீண்டது. 1995இல், இந்தியா உட்படப் பல நாடுகளில் 1,687 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளிவந்தது. மெக்னீசியம் கொடுக்கப்பட்ட பெண்களுக்கு மறுபடி வலிப்பு வருவது, டயஸிபாம் கொடுக்கப்பட்டவர்களைவிட 52 சதவீதமும் ஃபெனிடாயின் கொடுக்கப்பட்டவர்களைவிட 67 சதவீதமும் குறைவாக இருந்தது.

சித்தி போய் நான்கு ஆண்டுகள் கழித்து வந்த விடை அது. விலை குறைந்த உப்பு. நரம்பிலும் இடுப்புத் தசையிலும் ஊசியாகப் போடலாம். அளவு மீறினால் மூச்சு அடங்கும். அதனால் அடுத்த ஊசிக்கு முன்னால் மூன்றைப் பார்க்க வேண்டும்: முழங்காலைத் தட்டினால் கால் துள்ளுகிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, சிறுநீர் போதிய அளவு இறங்குகிறதா. ஒரு சிறு சுத்தியல், ஒரு கைக்கடிகாரம், சிறுநீரை அளக்க ஒரு பை. மாற்று மருந்தாக கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இவ்வளவுதான். இவ்வளவையும் இரவுப் பணியில் தனியாக இருக்கும் ஒரு பொது மருத்துவருக்கு யாராவது பக்கத்தில் நின்று ஒருமுறை செய்துகாட்ட வேண்டும். ஆய்விதழில் அச்சான அறிவு தானாகப் பேருந்து ஏறி எங்கள் பக்கத்து ஊர் மருத்துவமனைக்கு வந்துவிடாது.

பேறுகால மரணத்தில் மூன்று தாமதங்கள் உண்டு என்று 1994இல் தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். சித்திக்கு மூன்றும் நடந்தன. முதல் தாமதம் எங்கள் வீட்டுடையது. பாட்டி அதைக் கடைசிவரை சொல்லவில்லை. திட்டுவதற்கு மூன்றாவது தாமதம்தான் முகத்தோடும் கையெழுத்தோடும் கிடைத்தது.

அந்த மூன்றாவது தாமதத்தைக் குறைக்க, 2000களின் தொடக்கத்தில் இந்தியாவில் ஒரு முயற்சி நடந்தது. சிசேரியன் செய்ய இடமும் கத்தியும் இருந்தும் மயக்கம் கொடுக்க ஆளில்லாத மருத்துவமனைகள் ஏராளம். சிறப்பு மருத்துவர்கள் நகரங்களை விட்டு வரவில்லை. ஆகவே எம்.பி.பி.எஸ். முடித்து வேலையில் இருப்பவர்களுக்கே பதினெட்டு வாரங்களில் உயிர்காக்கும் மயக்கவியலும், பதினாறு வாரங்களில் சிசேரியன் உள்ளிட்ட அவசர மகப்பேறு சிகிச்சையும் கற்றுக்கொடுக்கும் திட்டங்கள் வந்தன. மூன்று ஆண்டுப் படிப்பை நான்கு மாதத்தில் எப்படி என்று சிறப்பு மருத்துவர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. நியாயமான அச்சம்தான். ஆனால் அந்த மூன்று ஆண்டுப் படிப்பாளி வராத ஊரில் பிள்ளை பெறுகிறவளுக்கு அந்த விவாதம் என்ன சொல்லும்?

என் பள்ளித் தோழி அந்தப் பதினெட்டு வாரப் பயிற்சிக்குப் போனவள். அப்போது அவள் மகளுக்கு இரண்டு வயது. “மாமியார்கிட்ட விட்டுட்டுப் போனேன்டி. வாரா வாரம் வர்றப்ப என் மடிக்கு வரமாட்டா” என்றாள். முதுகுத் தண்டில் ஊசி வைக்கக் கற்ற முதல் வாரம் கை நடுங்கியதைச் சொன்னாள். அதைவிடப் பயம் திரும்பி வந்த பிறகுதான் என்றாள். கல்லூரியில் தவறு செய்தால் பிடிக்க ஆள் இருந்தது. இங்கே இரத்த அழுத்தம் சரியும்போது அவள் மட்டும். பயிற்சி முடித்த அவளுடைய கூட்டாளிகளில் ஒருத்தியை அறுவை சிகிச்சையே நடக்காத இடத்தில் போட்டார்களாம். ஒரு வருடத்தில் கை மறந்துபோனதாம்.

“நீ யாரையாவது மேலே அனுப்பியிருக்கிறாயா?” என்று கேட்டேன்.

“எத்தனையோ பேரை. அனுப்புறதுன்னா கைகழுவுறது இல்லடி. எங்கிட்ட இல்லாதது அங்க இருக்குன்னு தெரிஞ்சு அனுப்பணும். போற வழிக்கு வேண்டியத செஞ்சுட்டு அனுப்பணும். அதையும் யாராவது சொல்லித்தரணும்ல?”

பாட்டியின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் பதில் அது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 2006இல் பொது மருத்துவர்களுக்கென்று தொலைநிலைக் கல்வி ஒன்றைத் தொடங்கியது. ‘குறைவாக அனுப்பு, அதிகம் தீர்த்துவை’ என்பதுதான் அதன் கொள்கை. வேலையை விடாமல், ஊரை விடாமல் பாடம் படிக்கலாம், இடையிடையே நேரில் பயிற்சி. வீட்டை விட்டு வரமுடியாத பெண்களுக்கு இப்படி வடிவமைத்த படிப்பு எவ்வளவு பெரிய வாசல் என்பதை, தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. முடித்த என் மாணவிகளின் அம்மாக்கள் சொல்வார்கள்.

மாறாக, மருத்துவர்கள் ஐந்தாண்டுகளுக்கு முப்பது மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்று 2002இன் இந்திய மருத்துவக் கழக விதிகள் சொன்னதை நிறைவேற்றும் விதம் வேறு. ஞாயிற்றுக்கிழமை, நகரத்து ஓட்டல் அரங்கம், பகல் சாப்பாடு, கையெழுத்து. தோழி சிரித்துக்கொண்டே சொன்னாள், “மணிக்கணக்கு சேர்ந்துடும். கைக்கு ஒண்ணும் சேராது.”

மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 2001-03இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20இல் 54. அதே காலத்தில் இந்தியாவின் கணக்கு 301இலிருந்து 97 ஆனது. இதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. இறந்த ஒவ்வொரு தாயின் மரணத்தையும் ஆராயும் வழக்கம், ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் இருந்த செவிலியர்கள், இரத்த வங்கிகள், 2008இல் வந்த 108 வண்டி என்று பல கைகள் சேர்ந்த வேலை. அதில் வேலைக்கு வந்த பிறகு மறுபடி கற்றுக்கொண்ட கைகளும் உண்டு. பெரும்பாலும் பெண்களின் கைகள். அவர்களுக்குச் சிலை இல்லை, பாடநூலில் பக்கம் இல்லை. செவிலியர்களுக்கோ அடிக்குறிப்புகூட இல்லை.

2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் ஓர் இளம் மருத்துவர் நீண்ட பணிக்கு நடுவே இளைப்பாறப் போய், வல்லுறவு செய்து கொல்லப்பட்டது ஒரு கருத்தரங்க அறையில். பாடம் நடத்தும் அறை அது. அவர் படுக்க வேறு இடம் இல்லை. மருத்துவக் கல்வி பற்றிப் பேசும்போது பாடத்திட்டத்தோடு பூட்டக்கூடிய ஒரு கதவையும், குழந்தையை விட்டுவர ஓர் இடத்தையும், நடுராத்திரியில் போன் எடுக்கிற ஒரு மூத்த மருத்துவரையும் சேர்த்துத்தான் இனிப் பேச முடியும்.

சீட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. மடித்த இடத்தில் கிழிந்துவிட்டது. கையெழுத்தை உற்றுப் பார்ப்பேன். பட்டம் வாங்கிய கையோடு, மூத்தவர் யாரும் இல்லாத மருத்துவமனையில், விடியற்காலையில், வலிப்பு கண்ட ஒரு பெண்ணின் முன்னால் நின்றவர். என் சித்தியைவிட மூன்று, நான்கு வயது பெரியவராக இருந்திருப்பார். பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்போம். அந்த விடியற்காலை அவருக்கு என்னவாக இருந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. இன்று அவருக்கு அறுபது வயது நெருங்கியிருக்கும். அதன் பிறகு அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.