ஆண்ட்ராய்டா, ஐபோனா? ஸ்மார்ட்போன் வாங்கும் முன் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

விதை வாங்கும்போது பையில் உள்ள படத்தைப் பார்த்து நாம் வாங்குவதில்லை. அட்டையைத் திருப்பி ரகம் என்ன, முளைப்புத்திறன் எவ்வளவு, காலாவதித் தேதி எப்போது என்று பார்க்கிறோம். ஆனால் பத்து, பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்து போன் வாங்கும்போது மட்டும் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். போனுக்கும் காலாவதி உண்டு. அதை இயங்குதளம்தான் தீர்மானிக்கிறது.

எங்கள் பயிற்சிக்கு வந்த ஒரு நெல் விவசாயிக்கு, பி.எம்.கிசான் தவணைப் பட்டியல் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. தொட்டுத் திறந்தார். அது பட்டியல் அல்ல, போலிச் செயலி. வங்கியிலிருந்து அவருக்கு வந்த ஓ.டி.பி. வேறொருவர் கைக்குப் போனது. நெல் விற்று வந்த பணத்தில் ஒரு பகுதி அன்றே போய்விட்டது. அவர் வைத்திருந்த போனுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வருவது நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தது. புதிய போனாக இருந்தால் நிச்சயம் தப்பியிருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வங்கிக் கணக்கு உள்ள போன், வேலி இல்லாத தோட்டம் போல இருக்கக்கூடாது.

முதலில் உங்கள் தேவையை எழுதுங்கள்

போனில் என்னென்ன வேலை நடக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலான விவசாயிகளுக்குப் பட்டியல் இப்படித்தான் இருக்கும்: சந்தை விலைக்கும் மானியத் திட்டங்களுக்கும் உழவன் செயலி, வட்டார வானிலைக்கும் பயிர் ஆலோசனைக்கும் மேக்தூத், இடி மின்னல் எச்சரிக்கைக்குத் தாமினி, பணம் அனுப்ப யு.பி.ஐ. செயலி, நோய் தாக்கிய இலையைப் படம் எடுத்து அனுப்ப வாட்ஸ்அப். தோட்டத்தில் மொபைல் ஸ்டார்ட்டரோ சொட்டுநீர்த் தானியங்கிக் கருவியோ வைத்திருந்தால், அந்தக் கருவிக்கான செயலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலில் உள்ள செயலிகள் எந்தப் போனில் ஓடுகின்றனவோ அதுவே உங்களுக்கு ஏற்ற போன்.

மூன்று வகைப் போன்கள்

1. கீபேட் போன்: சாதாரண பட்டன் போனில் *99# மூலமோ, 2022-ல் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யு.பி.ஐ. 123 பே மூலமோ பணம் அனுப்பலாம். 1800-180-1551 என்ற கட்டணமில்லா கிசான் கால் சென்டர் எண்ணுக்குப் பேசலாம். பேசுவதற்கு மட்டும் போதும் என்றால் இதை மாற்றவே வேண்டாம். ஜியோபோன் போன்ற 4ஜி கீபேட் போன்களில் காய்ஓ.எஸ். என்ற சிறிய இயங்குதளம் உள்ளது. ஆனால் 2024 ஜூன் முதல் அவற்றில் வாட்ஸ்அப்பைப் புதிதாக இறக்க முடியாது. செயலிகளை நம்பி இதை வாங்காதீர்கள்.

2. ஆண்ட்ராய்டு: கூகுளின் இயங்குதளம். சாம்சங், விவோ, ரெட்மி, ரியல்மி, மோட்டோரோலா எனப் பல நிறுவனங்கள் இதில் போன் தயாரிப்பதால் எல்லா விலையிலும் கிடைக்கும். விவசாயச் செயலிகள் பெரும்பாலும் முதலில் இதற்குத்தான் வருகின்றன. சிறிய ஊரிலும் பழுதுபார்க்க ஆள் உண்டு. குறை என்னவென்றால், எத்தனை ஆண்டு புதுப்பிப்பு வரும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் மாறும். பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வரும் ஏ.பி.கே. கோப்புகளையும் இதில் நிறுவ முடியும். மேலே சொன்ன விவசாயி ஏமாந்தது அந்த வழியில்தான்.

3. ஐபோன்: ஆப்பிள் நிறுவனத்தின் ஐ.ஓ.எஸ். இயங்குதளம் ஐபோனில் மட்டுமே உண்டு. நம் நாட்டில் ஆப் ஸ்டோர் வழியாகத்தான் செயலிகளை நிறுவ முடியும் என்பதால், வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பு இதில் வேலை செய்யாது. புதுப்பிப்பும் நீண்ட காலம் வரும்: 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்.ஆர்., 2024-ல் வெளியான ஐ.ஓ.எஸ். 18 வரை பெற்றது. ஆனால் ஒரு புதிய ஐபோன் விலைக்கு மூன்று, நான்கு நல்ல ஆண்ட்ராய்டு போன் வாங்கிவிடலாம். திரை உடைந்தாலும் செலவு அதிகம். போலி இணைப்பைத் தொட்டு வங்கி விவரத்தை நாமே கொடுத்துவிட்டால் ஐபோனும் காப்பாற்றாது.

புதுப்பிப்புக் காலம்தான் காலாவதித் தேதி

கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த மாடலுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும்?" 2024-ல் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி போனுக்கு 6 ஆண்டு என்று அந்த நிறுவனம் அறிவித்தது. அதே விலைப் பிரிவில் குறைந்த ஆண்டுகளே கொடுக்கும் மாடல்களும் உள்ளன.

இந்த ஆண்டுக் கணக்கு, போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கும் போன் இரண்டு ஆண்டு பழைய மாடலாக இருந்தால், அதன் ஆயுளில் இரண்டு ஆண்டு ஏற்கெனவே கழிந்துவிட்டது. எனவே விலையை மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 15,000 ரூபாய் போனுக்கு 5 ஆண்டு மீதி என்றால் ஆண்டுக்கு 3,000 ரூபாய். 10,000 ரூபாய் போனுக்கு 2 ஆண்டுதான் மீதி என்றால் ஆண்டுக்கு 5,000 ரூபாய். எது மலிவு என்று உங்களுக்கே தெரியும்.

கடையில் சோதித்துப் பார்க்க வேண்டியவை

* போனைக் கடை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் திரை தெரிகிறதா என்று பாருங்கள். வயலில் நிழல் இருக்காது.
* உங்கள் உள்ளங்கையை மிக அருகில் வைத்துப் படம் எடுங்கள். ரேகை தெளிவாக விழுந்தால்தான் இலைப்புள்ளியும் அசுவினியும் தெளிவாக விழும். இதற்கு மெகாபிக்சல் எண்ணிக்கையை நம்ப வேண்டாம்.
* ரேம் 6 ஜி.பி., சேமிப்பு 128 ஜி.பி., பேட்டரி 5,000 எம்.ஏ.எச். இருந்தால் போதுமானது. "கூடுதல் மெய்நிகர் ரேம்" என்பது சேமிப்பிடத்தில் இருந்து கடன் வாங்குவதுதான். அதை உண்மையான ரேமோடு கூட்டிக் கணக்கிடாதீர்கள்.
* ஐ.பி.54 என்றால் தூசியையும் நீர்த் தெறிப்பையும் ஓரளவு தாங்கும். ஐ.பி.67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். நாற்றங்காலிலும் மருந்து அடிக்கும்போதும் போன் பையில் இருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.
* உங்கள் மோட்டார் கொட்டகையில் எந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். போனை மாற்றினாலும் கோபுரம் மாறாது. ஜியோ 5ஜி பயன்படுத்துவோர் போனில் என்28 அலைவரிசை இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த 700 மெகாஹெர்ட்ஸ் அலை தொலைவு செல்லும்.

பழைய போன் வாங்குவோருக்கு

*#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்ற மூன்று எழுத்துகளை இடையில் புள்ளியில்லாமல் தட்டி, இடம் விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தடுக்கப்பட்ட போனா என்று பதில் வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று மிகப் பழைய ஐபோனை வாங்க வேண்டாம். 2025 மே முதல் ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் ஆகியவற்றில் வாட்ஸ்அப் இயங்குவதில்லை.

வாங்கிய பிறகு

செயலிகளை பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பை, அனுப்பியவர் உறவினராகவே இருந்தாலும் திறக்காதீர்கள். அவர் போனே திருடர் கையில் இருக்கலாம். புதுப்பிப்பு வந்திருக்கிறது என்று போன் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். டிராக்டரின் முன்பலகையிலோ வரப்பிலோ வெயிலில் போனை வைக்காதீர்கள். ஐபோனை 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தவே ஆப்பிள் பரிந்துரைக்கிறது; நம் சித்திரை வெயில் அதைத் தாண்டிவிடும்.

பணம் பறிபோனது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் கொடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலான விவசாயிகளுக்கு, இன்னும் நான்கு ஆண்டாவது பாதுகாப்புப் புதுப்பிப்பு மீதமுள்ள நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போனே ஏற்றது. வீட்டில் வசதி இருந்து, ஒரே போனை நீண்ட காலம் வைத்திருக்க நினைப்பவர்கள், தங்கள் பட்டியலில் உள்ள செயலிகள் எல்லாம் ஆப் ஸ்டோரில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ஐபோன் வாங்கலாம். பேசுவதற்கு மட்டும் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்குக் கீபேட் போனே பாதுகாப்பு.