லொதார் ஏன் பின்னால் நின்றார்?

முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த தலைமுறைக்கு மந்திரவாதி மாண்ட்ரேக்கையும் லொதாரையும் தெரியும். திண்டுக்கல்லில் இன்று நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தவர் பிளாக் பாந்தர். இடையில் ஒரு வரலாறு இருக்கிறது.

1934இல் லீ ஃபால்க் எழுதத் தொடங்கிய மாண்ட்ரேக் கதையில் லொதார் ஓர் ஆப்பிரிக்க இளவரசர். ஆனால் சிறுத்தைத் தோல் உடுத்தி, கொச்சை ஆங்கிலம் பேசி, வெள்ளைக்கார நாயகனுக்கு ஏவல் செய்தார். இளவரசருக்கே அந்த இடம்தான். அமெரிக்கக் கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, 1960களில்தான் அவருடைய உடையும் பேச்சும் மாறின.

1966 ஜூலை இதழில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் வகாண்டாவின் அரசரான பிளாக் பாந்தரைக் கொண்டுவந்தார்கள். 2018 திரைப்படத்தில் துணைப் பாத்திரங்களும் நிமிர்ந்து நின்றார்கள்: ஷூரி அறிவியலாளர், ஒகோயே படைத்தலைவி.

அதே 1966 அக்டோபரில் ஓக்லாந்தில் பிளாக் பாந்தர் கட்சி பிறந்தது. அது சின்னத்தை எடுத்தது காமிக்ஸிலிருந்து அல்ல, அலபாமாவில் வாக்குரிமைக்குப் போராடிய கறுப்பின மக்களிடமிருந்து. அந்தப் பெயரைத்தான் 1972இல் மும்பையில் நாம்தேவ் தசாலும் ஜே.வி.பவாரும் தலித் பாந்தர் என்று ஏந்தினார்கள். 1982இல் மலைச்சாமி அதை மதுரைக்குக் கொண்டுவந்தார். நாம் சிறுத்தைகள் ஆனோம்.

தோழர்களே, இளவரசரை ஏவலாளாக்கியது எழுதியவரின் பேனா. அதைத் திருத்த வைத்தது போராட்டம். திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் உழைத்த நம் பாட்டன், பாட்டிமார் எத்தனை கதைகளில் பெயரோடு வருகிறார்கள்? அவர்களிடம் கேளுங்கள். பெயரோடு எழுதுங்கள்.