புரோஸ்டேட் அறுவை சிகிச்சை: ரோபோவைவிட மருத்துவரின் அனுபவமே முக்கியம்

புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்தில் முதலில் எழும் கேள்வி, “ரோபோ முறை நல்லதா, வழக்கமான முறை நல்லதா?” என்பதுதான். ஆனால், அதற்கும் முன்பாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்கின்றன ஆய்வுகள். சிகிச்சை செய்யும் மருத்துவர் இதே அறுவை சிகிச்சையை இதுவரை எத்தனை முறை செய்திருக்கிறார்?

இந்தச் சிகிச்சைமுறை சிங்கப்பூருக்குப் புதிதன்று. தஞ்சோங் பகாருக்கு அடுத்த எம்ஆர்டி நிலையமான ஊட்ரம் பார்க் அருகே உள்ள சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் 2003ஆம் ஆண்டிலேயே ரோபோ உதவியுடன் புரோஸ்டேட் அறுவை சிகிச்சை தொடங்கிவிட்டது. அதற்குச் சற்று முன்னர், இந்தியாவில் பிறந்த டாக்டர் மணி மேனன் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உள்ள ஹென்றி ஃபோர்ட் மருத்துவமனையில் இம்முறையை வளர்த்தெடுத்தார்.

ரோபோ தானாக வெட்டுவதில்லை

ரோபோ என்றதும் இயந்திரமே அறுவை சிகிச்சை செய்வதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், மருத்துவர் சற்றுத் தள்ளி அமர்ந்து, பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி கருவியை இயக்குகிறார். அவர் கை அசைவதற்கேற்பவே இயந்திரக் கைகளும் அசைகின்றன.

புரோஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிறது. சிறுநீர்க்குழாய் அதன் நடுவே செல்கிறது. ஆண்குறி விறைப்புக்கு உதவும் மெல்லிய நரம்புகள் அதன் இருபுறமும் ஒட்டியுள்ளன. புற்றுநோயை மிச்சமின்றி அகற்ற வேண்டும். சிறுநீரை அடக்கும் தசையும் நரம்புகளும் சேதமடையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் தவறினால் நோய் திரும்பலாம், சிறுநீர்க் கசிவு நீடிக்கலாம், தாம்பத்திய வாழ்க்கையும் பாதிக்கப்படலாம்.

எண்ணிக்கை சொல்லும் பாடம்

அமெரிக்காவில் 11,522 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2002ல் ஓர் ஆய்வு வெளியானது. குறைவான அறுவை சிகிச்சைகள் செய்த மருத்துவர்களின் நோயாளிகளில் 32 விழுக்காட்டினருக்குச் சிகிச்சைக்குப் பிந்திய சிக்கல்கள் ஏற்பட்டன. மிக அதிகமாகச் செய்தவர்களிடம் அது 26 விழுக்காடாக இருந்தது.

2007ல் வெளியான மற்றோர் ஆய்வில் 72 மருத்துவர்களின் 7,765 நோயாளிகள் இடம்பெற்றனர். 10 அறுவை சிகிச்சைகளே செய்திருந்த மருத்துவரிடம் சென்றோரில், ஐந்து ஆண்டுகளுக்குள் நோய் திரும்பும் வாய்ப்பு 17.9 விழுக்காடு. 250 செய்திருந்தவரிடம் அது 10.7 விழுக்காடு.

இவ்விரண்டும் ரோபோ முறை பரவுவதற்கு முந்திய காலத்துத் தரவுகள். ரோபோ முறையிலும் அனுபவத்தின் பங்கு குறையவில்லை. சிட்னியில் வழக்கமான முறையில் நீண்ட அனுபவம் பெற்ற ஒரு மருத்துவர் ரோபோ முறைக்கு மாறினார். பாலியல் செயல்பாட்டைப் பொறுத்தவரை, ஏறக்குறைய 100 ரோபோ அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகே அவரது முடிவுகள் பழைய முறையை விஞ்சின. சிறுநீர்க் கட்டுப்பாட்டில் அதற்கு ஏறத்தாழ 180 தேவைப்பட்டன. கைதேர்ந்தவரும் புதிய கருவியைப் பழகவேண்டியிருந்தது.

பிரிஸ்பனில் 326 ஆண்களைக் கொண்டு இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2016ல் வெளிவந்தது. ரோபோ முறையில் இரத்த இழப்பு குறைவு. ஆனால், மூன்று மாதங்களுக்குப் பின் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் பாலியல் செயல்பாட்டிலும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. கருவியைவிட அனுபவமுள்ள, நம்பிக்கைக்குரிய மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம் என்று ஆய்வாளர்கள் அறிவுறுத்தினர்.

இங்கிலாந்தின் வழிகாட்டி நெறிமுறையோ மருத்துவமனையையும் கணக்கில் எடுக்கிறது. ஆண்டுக்குக் குறைந்தது 150 ரோபோ புரோஸ்டேட் அறுவை சிகிச்சைகள் நடக்கக்கூடிய நிலையங்களில் கருவியை வைத்தால்தான் அதன் செலவுக்குத் தக்க பயன் கிடைக்கும் என்று அது கூறுகிறது.

என்ன கேட்கலாம்?

சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளில் மானியம் பெறும் நோயாளிகள் பொதுவாக மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனாலும், கேள்வி கேட்கத் தடையில்லை.

• இந்த அறுவை சிகிச்சையை ஆண்டுக்கு எத்தனை முறை உங்கள் குழு செய்கிறது?

• கருவியை இயக்கப்போவது யார்? பயிற்சி மருத்துவர் என்றால் மூத்த மருத்துவர் உடனிருந்து கண்காணிப்பாரா?

• உங்கள் நோயாளிகளில் எத்தனை பேர் ஓராண்டுக்குப் பின் சிறுநீர்க் கசிவின்றி இருக்கின்றனர்?

• எனக்கு இப்போதே அறுவை சிகிச்சை தேவையா? கதிரியக்கச் சிகிச்சை பொருந்துமா?

கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. மெதுவாக வளரும், ஆபத்து குறைந்த புற்றுநோய்க்கு உடனடியாக அறுவை சிகிச்சை செய்யாமல், முறையான பரிசோதனைகளுடன் கண்காணித்து வருவதும் ஏற்கப்பட்ட வழிதான்.

எண்ணிக்கை மட்டுமே எல்லாவற்றையும் முடிவுசெய்வதில்லை. வயது, நோயின் நிலை, உடல்நலம் ஆகியவையும் சேர்ந்தே பலனைத் தீர்மானிக்கின்றன. ஆயினும், சிறுநீர், தாம்பத்தியம் பற்றிப் பேசக் கூச்சப்பட்டே பல ஆண்கள் கேள்வி கேட்காமல் வந்துவிடுகின்றனர். மனைவியோ பிள்ளைகளோ உடன் சென்று, கேள்விகளை முன்கூட்டியே எழுதிவைத்துக் கேட்பது நல்லது.