அலைகாட்டியும் அளவெடுப்பு வேகமும்

மின்சாரம் கண்ணுக்குப் புலனாகாதது. அதன் ஏற்ற இறக்கத்தைக் கண்ணாற் காண வேண்டும் என்னும் வேட்கையே 'ஆசிலாஸ்கோப்' எனப்படும் அலைகாட்டியைத் தோற்றுவித்தது. ஒரு காலத்தில் மேசையை அடைத்துக்கொண்டிருந்த அக்கருவி, இன்று கணினியின் யூ.எஸ்.பி. துளையில் இணைக்கும் சிறு பெட்டியாகப் பள்ளி ஆய்வுக்கூடங்களுக்கும் வந்துள்ளது. அப்பெட்டி திரையில் வரையும் அலை எப்போதும் மெய்யான அலைதானா? இவ்வினாவுக்கு விடை காண அதன் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1897-ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பேராசிரியராயிருந்த ஃபெர்டினாண்ட் பிரௌன், எதிர்மின் கதிர்க்குழாயை அமைத்தார். குழாயினுள் பாயும் கதிர் திரையில் ஒளிப்புள்ளியாய் விழும். மின்னோட்டம் மாறும்போது புள்ளியும் அசையும். 1909-இல் இவரும் மார்க்கோனியும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அமெரிக்காவின் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1947-இல் வெளியிட்ட 511 என்னும் கருவி, ஓடும் அலையைத் திரையில் நிலையாக நிற்கச் செய்தது. இக்கருவிகள் அலையை இடையறாத கோடாகவே வரைந்தன. ஆனால் ஒருமுறை தோன்றி மறையும் அலையைக் காத்துவைத்தல் அவற்றுக்கு அரிதாயிருந்தது.

அக்குறையைப் போக்கவே எண்முறை அலைகாட்டிகள் 1970-களில் வரத் தொடங்கின. இவை கோடு வரைவதில்லை. குறித்த இடைவெளிதோறும் மின்னழுத்தத்தை அளந்து எண்ணாகப் பதிகின்றன. இரு புள்ளிகளுக்கு இடையில் நிகழ்வதை அவை அறியா. அப்படியாயின் வினாடிக்கு எத்தனை முறை அளக்க வேண்டும்? நைக்விஸ்ட் 1928-இலும், கோட்டெல்னிகாவ் 1933-இலும், ஷானன் 1949-இலும் எழுதிய கட்டுரைகள் இதற்கு விடை தந்தன: அலையிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்கினும் மிகுதியாக அளத்தல் வேண்டும்.

இவ்விதி மீறப்பட்டால் கருவி வாளா இராது, பொய் கூறும். திரைப்படத்தில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றக் கண்டிருக்கிறோம் அல்லவா? அஃதே இங்கும் நிகழ்கிறது. வினாடிக்கு 9 இலட்சம் முறை அதிரும் அலையை 10 இலட்சம் முறை மட்டும் அளந்தால், 1 இலட்சம் முறை அதிரும் அழகிய அலையொன்று திரையில் தோன்றும். பார்ப்பவர் ஐயுறக் காரணமே இராது.

இனி யூ.எஸ்.பி.க்கு வருவோம். 1996-இல் வெளிவந்த முதல் யூ.எஸ்.பி. வினாடிக்கு 1 கோடியே 20 இலட்சம் பிட்டுகளை அனுப்பவல்லது. 2000-இல் வந்த இரண்டாம் பதிப்பு 48 கோடியும், 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு 500 கோடியும் அனுப்பவல்லன. 48 கோடி பிட்டுகள் என்பன 6 கோடி பைட்டுகள். நடைமுறையில் ஏறத்தாழ 4 கோடியே கிட்டும். ஓர் அளவுக்கு ஒரு பைட்டு எனக் கொண்டால், இடைவிடாது அனுப்பக்கூடியவை வினாடிக்கு 4 கோடி அளவுகளே. இரண்டு அலைகளை ஒருங்கே நோக்கினால் அதுவும் பாதியாகும்.

அங்ஙனமாயின், பெட்டியின்மேல் '100 கோடி' என அச்சிட்டிருப்பது பொய்யா? பொய்யன்று, முழு உண்மையும் அன்று. கருவி தன் நினைவகத்தில் விரைந்து பதிந்துகொண்டு, பின்னர் மெல்ல அனுப்புகிறது. 10 இலட்சம் அளவுகள் கொள்ளும் நினைவகம் அவ்வேகத்தில் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிலேயே நிறைந்துவிடும். அனுப்பி முடித்து மீண்டும் அளக்கும்வரை நிகழும் பழுது பல கருவிகளின் கண்ணிற் படாது. வேறு சில பெட்டிகளில் அச்சிட்ட பேரெண், திரும்பத் திரும்ப வரும் அலையைப் பலமுறை சிறிது சிறிதாக அளந்து கோப்பதால் வருவது. ஒருமுறையே தோன்றும் அலைக்கு அது பயன்படாது.

ஆகவே, கருவி வாங்குவோர் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். இவ்வேகம் இடைவிடாததா, நினைவகம் நிறையும்வரைதானா? ஒரு வழிக்கா, எல்லா வழிகளுக்குமா? ஒருமுறை வரும் அலைக்கும் பொருந்துமா? மாணவர்க்கு எளிய சோதனையொன்றையும் கற்பிக்கலாம். அளவெடுக்கும் வேகத்தை மாற்றிப் பார்க்கட்டும். மெய்யலையின் அதிர்வெண் மாறாது. பொய்யலையின் அதிர்வெண் உடனே மாறிவிடும். கருவி காட்டியதை அப்படியே எழுதிக்கொள்ளும் மாணவனினும், இச்சோதனையைச் செய்துபார்த்து எழுதும் மாணவனே அறிவியல் பயின்றவனாவான்.