மாற்றியமைக்கத்தக்க வன்பொருளும் உழைப்பின் வரலாறும்

தொழினுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பாளரின் பெயர்ப்பட்டியலாகச் சுருக்குவது முதலாளித்துவ வரலாற்றெழுதியலின் நெடுநாள் வழக்கம். மாற்றியமைக்கத்தக்க வன்பொருளின் வரலாறும் பெரும்பாலும் அவ்வாறே கூறப்படுகின்றது.

1960 ஆம் ஆண்டில், லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜெரால்ட் எஸ்ட்ரின், நிலையான கணினியோடு தேவைக்கேற்ப மாற்றத்தக்க பகுதியொன்றை இணைக்கும் கருத்தை முன்வைத்தார். அன்று அம்மாற்றத்தை மனிதக் கைகளே செய்தன. 1985 இல் சைலிங்க்ஸ் நிறுவனம் 64 தருக்கக் கட்டங்கள் கொண்ட சில்லை வெளியிட்டபோது, அவ்வேலை நினைவகத்தில் எழுதப்படும் இருமக் குறிகளுக்குரியதாயிற்று. அந்நிறுவனத்துக்குச் சொந்த ஆலை இருக்கவில்லை. சில்லுகள் ஜப்பானியச் சைக்கோ நிறுவனத்தில் உற்பத்தியாயின. வடிவமைக்கும் மூளையும் உற்பத்தி செய்யும் கையும் இவ்வாறு பிரிந்தன.

வடிவமைப்பின் மையச் சிக்கல் யாது? நான்கு பெருக்கல்களுக்கு நான்கு பெருக்கிகளை அமைத்தால் வேலை ஒரே படியில் முடியும். ஒன்றை மட்டும் அமைத்தால் இடம் மிஞ்சும், ஆயின் நான்கு படிகள் செல்லும். இத்தெரிவு முன்னர் பொறியியலாளரின் அனுபவத்தில் தங்கியிருந்தது. உயர்மட்டத் தொகுப்பு எனப்படும் முறை, நிரலை வாசித்து இத்தெரிவைத் தானே கணிக்க முற்பட்டது. அப்பல்கலைக்கழக ஆய்விலிருந்து கிளைத்த ஓட்டோஈஎஸ்எல் நிறுவனத்தை 2011 இல் சைலிங்க்ஸ் வாங்கியது. பல்கலைக்கழக அறிவு தனியுடைமையாயிற்று.

இப்போக்கு எதிர்ப்பின்றி நிகழவில்லை. சில்லுக்குள் எழுதப்படும் குறிகளின் பொருளை நிறுவனங்கள் மறைத்தே வந்தன. 2015 இல் ஐஸ்ஸ்டோர்ம் திட்டத்தினர் லற்றிஸ் நிறுவனச் சில்லுவகையொன்றின் குறிகளை ஆராய்ந்து வெளிப்படுத்தி, திறந்த கருவிகளுக்கு வழிவகுத்தனர். இடத்தையும் வேகத்தையும் கருவி கணித்துத் தரலாம். எதற்காக எதை விட்டுக்கொடுப்பது என்பதைத் தீர்மானிப்போர் கருவியை உடைமையாகக் கொண்டோரே. எனவே, கருவி எவருடையது என்ற வினாவைத் தவிர்த்து இவ்வரலாற்றை எழுதவியலாது.